மலைநாட்டில் நோயெதிர்க்கும் செடியைத் தேடிய வரலாறு

மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆளுநர்களையும் கம்பெனிகளையும் புகையிரதப் பாதையையுமே முதன்மையாகக் கொண்டு எழுதினர். தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளைத் திருத்திய தொழிலாளரின் வரலாறு அண்மைக் காலத்தில்தான் தனக்குரிய இடத்தைப் பெறத் தொடங்கியுள்ளது. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரினம் இவர்கள் அனைவருடைய வாழ்வையும் இருமுறை திசைதிருப்பியமை நம் பாடநூல்களில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றது. அவ்வுயிரினம் பங்கசு. 1869ஆம் ஆண்டிற் கோப்பியைப் பற்றிய பங்கசு இல்லையெனின், அட்டனிலும் நுவரெலியாவிலும் நாம் இன்று காணும் தேயிலை மலைகள் இவ்வளவு விரைவில் எழுந்திரா. 1946ஆம் ஆண்டில் தேயிலையையே பற்றிய பங்கசு, தோட்டங்களின் நடைமுறையையும் தேயிலைச் செடியின் பிறப்பு முறையையும் மாற்றிவிட்டது.

நோய் பரவிய நிலத்திற் சாகாது நின்ற செடியைத் தேடுதல், அதன் சந்ததியைப் பெருக்குதல், அச்சந்ததியை மீண்டும் நோயின்முன் நிறுத்திச் சோதித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பயிர்களில் நோயெதிர்ப்பாற்றலை வளர்க்கும் முறை. இம்முறை மலைநாட்டில் எப்பொழுது நழுவவிடப்பட்டது, எப்பொழுது கைக்கொள்ளப்பட்டது, எந்நோய்க்கு அது போதாதாயிற்று என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய செய்தி கூறுவதோடு இவ்வாராய்ச்சி முடிந்துவிடாது. இன்று நம் மலைகளிற் பிடுங்கப்பட்டுவரும் பழைய விதைத் தேயிலையை யாது செய்வது என்னும் வினாவுக்கும் இதனுள் விடையுண்டு.

நோயுற்ற மண்ணே பரீட்சகர்

முதலில் அம்முறை தெளிவாக உருப்பெற்ற இடத்தைக் காண்போம். அஃது ஒரு பருத்தி வயல். ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தை அடுத்த கரையோரத் தீவுகளில் நீண்ட இழையுடைய உயர்தரப் பருத்தி பயிரிடப்பட்டு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வயல்களை வாடல் நோய் பற்றியது. பருத்தியில் இந்நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பங்கசை அட்கின்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1892ஆம் ஆண்டில் விவரித்திருந்தார். அப்பங்கசு மண்ணிற் பல்லாண்டுகள் உயிர்தரிக்க வல்லது. மெல்லிய வேர்களினூடே நுழைந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் காழ்க்கலன்களை அது அடைத்துவிடும். இலை மஞ்சளாகும், செடி தலைசாயும், ஈற்றில் மடியும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற் கபில நிறம் படிந்திருக்கும். நோய் மண்ணுக்குள் இருத்தலின், இலைமேல் தெளிக்கும் எம்மருந்தும் அதனை அணுகாது.

1899ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஓர்ட்டன் என்பார் இந்நோயை ஆராயத் தொடங்கினார். வரிசை வரிசையாகச் செடிகள் மடிந்த வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் பசுமை மாறாது நிற்பதை அவர் கண்டார். ரிவர்ஸ் என்னும் தோட்டக்காரர் அத்தகைய செடியின் விதையைத் தனியே எடுத்து விதைத்துப் பெருக்கினார். அவ்விதையை நல்ல மண்ணில் விதையாது, நோயுற்ற மண்ணிலேயே விதைத்தமைதான் இம்முறையின் உயிர்நிலை. நோயுற்ற மண்ணே பரீட்சகராக அமர்ந்து, தகுதியற்றவற்றைத் தள்ளித் தகுதியுள்ளவற்றைத் தேர்ந்து கொடுத்தது.

மெண்டலின் விதிகள் 1900ஆம் ஆண்டில் மீண்டும் அறியப்பட்டன. அதன்பின், இவ்வாறு தேர்ந்த குணம் பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு ஒழுங்காகக் கடத்தப்படுகின்றது என்பதும் விளங்கிற்று. கோதுமையின் மஞ்சட் துருநோய்க்கான எதிர்ப்பாற்றல் மெண்டலின் விதிப்படியே இறங்குகின்றது என்பதை 1905ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் அறிஞர் பிஃபென் காட்டினார். இந்தியாவின் கரிசல் மண்ணிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. குசராத்தின் புரோச் பகுதியில் வாடலைத் தாங்கும் விஜய், திக்விஜய் என்னும் பருத்தியினங்கள் எழுந்தன. கோயம்புத்தூரில், வேறொரு மண்வழிப் பங்கசாகிய வெட்டிசிலியத்தைத் தாங்குமாறு, புகழ்பெற்ற எம்.சி.யு. 5 இனத்திலிருந்து எம்.சி.யு. 5 வி.ரி. தெரிந்தெடுக்கப்பட்டது. பருத்தி ஆண்டுப் பயிராதலின் சில ஆண்டுகளிலேயே பல தலைமுறைகளைக் கண்டு தெரிய முடிந்தது. மலைநாட்டுப் பயிர்களுக்கோ ஒரு தலைமுறைக்கே பல ஆண்டுகள் செல்லும்.

1869: கோப்பி வீழ்ந்த கதை

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1820களில் தொடங்கிய பெருந்தோட்டக் கோப்பிச் செய்கை, கண்டியையும் மாத்தளையையும் கடந்து, டிம்புளை, டிக்கோயா ஆகிய உயர் பள்ளத்தாக்குகள் வரையும் பரவியது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் பங்கசியலறிஞருக்கு அனுப்பினார். பேர்க்கிலி அவ்வாண்டிலேயே அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பகுதி பாழாக்குவது என்று பொருள்படும். பெயர் தீர்க்கதரிசனமாயிற்று.

துருநோய் செடியை ஒரே நாளிற் கொல்லவில்லை. இலையுதிர்ந்தது, மறுபடி தளிர்த்தது, மறுபடி உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் விளைச்சல் குறைந்தது. 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் நட்டம் மறைக்கப்பட்டது. நோய் தானாகவே நீங்கிவிடும் என எண்ணிய தோட்டக்காரர் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியை நட்டனர். 1878ஆம் ஆண்டிற் கோப்பிப் பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கராக இருந்தது. நோய் தோன்றிய பின்னரே தோட்டங்கள் தம் உச்சப் பரப்பை எட்டின என்பது சிந்திக்கத்தக்கது.

1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இங்கு தங்கி இந்நோயை ஆராய்ந்தார். வித்திகள் இலைமேற் படிந்த நீர்த்துளியில் முளைத்து இலைவாய்களினூடே உட்புகுகின்றன என்பதை அவர் நிறுவினார். இடைவெளியின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையே நோய் காட்டுத்தீயாகப் பரவக் காரணம் என்பதையும் எடுத்துரைத்தார். காரணம் விளங்கிற்று; மருந்து கிடைக்கவில்லை. செம்புச் சேர்வையாகிய போர்தோக் கலவையைப் பிரெஞ்சு அறிஞர் மில்லார்தே வெளியிட்டது 1885ஆம் ஆண்டிலேயே. அதற்கு முந்திய ஆண்டில், தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஒரியண்டல் வங்கி முறிந்துவிட்டது.

நோயைத் தாங்கிய செடியைத் தேடும் முயற்சி அந்நாளில் ஏன் வேரூன்றவில்லை? மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, செடியின் இயல்பு. அராபிக்காக் கோப்பி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. உலகத் தோட்டங்களில் நின்றவை பெரும்பாலும் யேமன் வழிவந்த மிகச் சில செடிகளின் சந்ததியே. ஆகவே இரண்டு இலட்சம் ஏக்கரிலும் ஏறக்குறைய ஒரே செடிதான் நின்றது எனலாம். இரண்டாவது, அறிவின் நிலை. மெண்டல் 1866ஆம் ஆண்டிலே தம் கட்டுரையை வெளியிட்டிருந்தும் அதனைப் படித்துணர்ந்தோர் இலர். மூன்றாவது, முதலின் அவசரம். நோயைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய நிலையான நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. வார்ட்டும் ஈராண்டிற் திரும்பிவிட்டார். மாற்றுப் பயிரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிலர் நோய் தாங்கும் எனக் கருதி லைபீரியக் கோப்பியைத் தாழ்நிலங்களில் நட்டுப் பார்த்தனர். அதுவும் துருவுக்கு முற்றாகத் தப்பவில்லை; கைவிடப்பட்டது.

முதலிற் சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் கோப்பியின் இடத்தைப் பிடித்தன. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவியது.

பயிர் மாறியபோது சமுதாயமும் மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே பெருந்தொகை ஆட்கள் தேவைப்பட்டனர். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரிற் பலர் பருவம் முடிய ஊர் திரும்பினர். வழியிலேயே மாண்டோரும் பலர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும், வாரத்துக்கு ஒருமுறையேனும் பறிக்கப்பட வேண்டியது. பெண்களின் கைகளே அதற்கு வேண்டியிருந்தன. ஆகவே குடும்பங்கள் லயங்களிற் குடியேறின, பிள்ளைகள் பிறந்தனர், கோவில்கள் எழுந்தன, பின்னர் பாடசாலைகளும் வந்தன. மலையகத் தமிழர் என்னும் சமுதாயம் இங்கு நிலைத்தமைக்குரிய காரணங்களுள் ஓர் இலைப் பங்கசும் ஒன்று. எம் மாணவர் இதனை அறிதல் வேண்டும்.

கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது

இலங்கையில் வேறு வழியே இருக்கவில்லையா என்று கேட்போருக்கு மைசூரின் வரலாறு விடை கூறும். அங்கும் அதே துருநோய் பரவி, அந்நாட்டுப் பழைய கோப்பியினத்தை அழித்தது. ஆனால் அங்குள்ள தோட்டக்காரர் சிலர் கோப்பியைக் கைவிடாது, செடிகளைத் தேர்ந்தனர். கூர்க் என்னும் இனம் சிலகாலம் நின்றது. 1911ஆம் ஆண்டில் கென்ற் என்னும் தோட்டக்காரர் தம் தோட்டத்தில் நோய்க்கு ஈடுகொடுத்த ஒரு செடியைத் தெரிந்தெடுத்தார். அவர் பெயராலேயே வழங்கும் அவ்வினம் தென்னிந்தியாவெங்கும் பரவியது. 1925ஆம் ஆண்டிற் பாலேஹொன்னூரிற் கோப்பி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

அந்நிலையத்தில் மேய்ன் என்னும் ஆய்வாளர் 1932ஆம் ஆண்டில் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். துருப் பங்கசும் ஒரே தன்மையதன்று. அதிலும் வெவ்வேறு குலங்கள் உள்ளன. ஒரு குலத்தை எதிர்க்கும் செடி மற்றொன்றுக்குத் தோற்கும் என்பதே அது. செடி மாறினாற் பங்கசும் மாறும். ஆகவே எதிர்ப்பாற்றல் ஒருமுறை தேடிப் பெற்றுப் பெட்டியிற் பூட்டிவைக்கும் பொருளன்று. பாலேஹொன்னூரில் 1940களில் வெளியிடப்பட்ட எஸ். 795 என்னும் இனத்தின் வரலாறு இதனினும் சுவையானது. அதன் பெற்றோருள் ஒன்று கென்ற்ஸ். மற்றையது அராபிக்காவும் லைபீரியக் கோப்பியும் இயற்கையாகக் கலந்த ஒரு செடியின் வழிவந்தது. இலங்கையிற் பயனற்றதெனக் கைவிடப்பட்ட அதே லைபீரியக் கோப்பி, அங்கே எதிர்ப்பாற்றலின் ஊற்றாயிற்று. இலங்கையின் இரு பருவ மழை துருவுக்கு மிகச் சாதகமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தேடப்படாத இடத்தில் எதுவும் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே.

மண்ணுக்குள் மறைந்திருந்த நோய்

தேயிலை வந்தபின் நெடுங்காலம் பெருநோய் எதுவும் தோன்றவில்லை. எனினும் மண்ணுக்குள்ளிருந்து வரும் வேர்நோய்கள் இருந்தன. 1905ஆம் ஆண்டு முதற் பேராதனையிற் பங்கசியலாளராகப் பணியாற்றிய பெச் என்பார் இவற்றை முறையாக ஆராய்ந்து, தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய நூலை 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சட்டத்தால் அமைக்கப்பட்டபோது அவரே அதன் முதற் பணிப்பாளரானார். அந்நிறுவனம் பின்னர் தலவாக்கலையை அடுத்த சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. கோப்பியின் காலத்தில் இல்லாதது இப்பொழுது உண்டாயிற்று: மலைநாட்டுக்குள்ளேயே, பயிரின் அருகிலேயே நின்று, ஆண்டாண்டாக நோயைக் கவனிக்கும் ஓர் இடம்.

உயர் மலைகளிற் காணப்படும் வேர்நோய்களுள் முதன்மையானது செவ்வேர் நோய். அதனை உண்டாக்குவது போரியா என்னும் பங்கசு. நோயுற்ற செடி திடீரென வாடும்; காய்ந்த இலைகள் உதிராது செடியிலேயே தொங்கும். வேரைத் தோண்டினால் மண்ணும் சிறுகற்களும் அதில் ஒட்டியிருக்கும். கழுவினாற் செந்நிறப் பங்கசிழைகள் தோன்றும். ஒரு செடியின் வேர் அடுத்த செடியின் வேரைத் தொடும் இடத்தில் நோய் தாண்டும். ஆகவே மலையில் நோய் வட்டம் வட்டமாக விரியும். காடழித்தபோது மண்ணில் விடப்பட்ட அடிமரங்களும், தோட்டத்தார் சவுக்கு என்று வழங்கும் கிரேவிலியா முதலிய நிழல் மரங்களைத் தறித்தபின் எஞ்சிய வேர்களும் இத்தகைய பங்கசுகளுக்குப் பண்டகசாலைகள் ஆயின.

பருத்தி வாடல்போல இதுவும் மண்வழி நோயே. அவ்வாறாயின் பருத்தியிற் கைகொடுத்த முறை இங்கு ஏன் கைகொடுக்கவில்லை? இரு பங்கசுகளின் வாழ்க்கை முறையும் வேறு. பியூசேரியத்தின் பருத்திக் குலம் பருத்தியோடு நெருங்கிய உறவு பூண்டது. குறிப்பிட்ட வழியே நுழைந்து காழ்க்கலன்களிற் குடியிருப்பது. அந்த வழியை அடைக்கவல்ல பரம்பரையலகு ஒரு செடியில் இருப்பின் அச்செடி தப்பிவிடும். வேரழுகற் பங்கசோ மரத்தைத் தின்று வாழ்வது. இன்ன மரம் என்று பாராது பல சாதி மரங்களையும் பற்றுவது. பெரிய அடிமரமொன்றை உணவுத் தளமாகக் கொண்டு, அதன் வலிமையோடு அது அடுத்த செடியைத் தாக்குகின்றது. பெரும்படையோடு வரும் பகைவனை ஒரு கதவுத் தாழ்ப்பாள் தடுத்துவிடாது.

ஆதலின் இங்கே வழி வேறாயிற்று. பகைவனின் உணவைப் பறிப்பதே போர்முறையாயிற்று. நோயுற்ற செடியையும், அதனைச் சூழ்ந்த நல்ல செடிகளையுங்கூடப் பிடுங்கி, பென்சில் அளவு வேரையும் விடாது தோண்டி எடுத்துச் சுட்டெரிக்க வேண்டும். வட்டத்தைச் சுற்றிக் கான் வெட்ட வேண்டும். பின்னர் குவாத்தமாலாப் புல் முதலியவற்றை நட்டு, ஈராண்டளவு நிலத்தை ஆறவிட வேண்டும். நிழல் மரத்தைத் தறிக்குமுன் பட்டையை வளையமாக உரித்துவிட்டால், வேரிலுள்ள மாப்பொருள் தீர்ந்து பங்கசுக்கு உணவு குறையும் என்பதை, நியாசாலாந்துத் தேயிலைத் தோட்டங்களில் லீச் என்னும் ஆய்வாளர் 1930களிற் காட்டினார். பின்னாளில் மெதைல் புரோமைட்டு வாயுவால் மண்ணைப் புகையூட்டும் முறையும் கையாளப்பட்டது. 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து அவ்வாயுவின் பயன்பாடு உலகெங்கும் ஒடுக்கப்பட்டது. எஞ்சி நிற்பது மண்வெட்டியே. பென்சில் அளவு வேரையும் விடாது பொறுக்கிய தொழிலாளரின் கையே செவ்வேர் நோய்க்கு இம்மலைகளில் நின்று பயன் தந்த மருந்து.

மண்ணிலுள்ள எல்லாப் பகையும் இத்தகையதன்று என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். தேயிலை வேரைத் துளைத்து வாழும் நுண்ணிய வட்டப்புழு ஒன்று உயர் மலைகளிற் பெருஞ்சேதம் விளைப்பது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் அதனை ஆராய்ந்த லூஸ் என்பாரின் பெயரே 1960ஆம் ஆண்டில் அப்புழுவுக்கு இடப்பட்டது. அது பங்கசன்று, ஆயினும் மண்வழிப் பகையே. அதனைத் தாங்கும் தேயிலையும் தாங்காத தேயிலையும் உள்ளமை சோதனைகளிற் தெரியவந்தது. எங்கே தெரிவு பயன்தரும், எங்கே தராது என்பதை ஊகத்தாற் கூறமுடியாது. சோதித்தே அறிதல் வேண்டும்.

1946: கொழுந்தைப் பற்றிய கொப்புளம்

அசாமில் 1868ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்த கொப்புள நோய், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டாதிருந்தது. அதனை உண்டாக்கும் எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்னும் பங்கசுக்கு 1898ஆம் ஆண்டில் மாசி என்பார் பெயரிட்டார். 1946ஆம் ஆண்டில் அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. பனியும் தூறலும் நீங்காத தலவாக்கலை, அட்டன், நுவரெலியா மலைகள் அதற்கு உகந்த வீடாயின.

இந்நோயின் கொடுமை அது பற்றும் இடத்திலே உள்ளது. முற்றிய இலையை அது தீண்டுவதில்லை. பறிக்கப்படும் இளங்கொழுந்தையே பற்றுகின்றது. இலையின் அடிப்புறத்தில் வெண்மையான கொப்புளம் எழும்; அதிலிருந்து வித்திகள் காற்றில் எண்ணிலவாகப் பறக்கும். மூன்று நான்கு வாரங்களுக்குள் ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்கும். கவ்வாத்து வெட்டிய மலையிற் புதிதாகத் தளிர்க்கும் செடிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கோப்பியின் கதி தேயிலைக்கும் வந்துவிட்டது எனப் பலர் அஞ்சினர்.

அந்த அச்சம் மெய்ப்படவில்லை. செம்பு மருந்துகள் இப்பொழுது இருந்தன. மழைக்காலத்தில் அவற்றை முறைவைத்துத் தெளித்தனர். நிழல் மரங்களைக் குறைத்து வெயிலை உள்ளே விட்டனர். சூரிய ஒளிக்கும் மழைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை விசர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவர் ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெயில் நிறைந்த நாட்களில் நோய் தானாகவே அடங்குமாதலின், எப்பொழுது மருந்து வேண்டும், எப்பொழுது வேண்டாம் எனக் கணிக்க இத்தகைய ஆராய்ச்சி வழிகாட்டியது. தமிழறிஞர் இருவரின் பெயர் இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றிருத்தலை நம் மாணவர் பெருமையுடன் நினைவுகூரலாம்.

தாய்ச்செடியைத் தேடுதல்

மருந்தைவிட முக்கியமான மற்றொரு வேறுபாடும் இருந்தது. 1869ஆம் ஆண்டிற் கோப்பி மலைகளில் ஒரே இயல்புடைய செடிகள் நின்றன. 1946ஆம் ஆண்டிற் தேயிலை மலைகளில் நின்றவையோ விதையிலிருந்து முளைத்த செடிகள். தேயிலை தன் மகரந்தத்தை ஏற்பதரிது. அயற்செடியின் மகரந்தமே அதற்கு வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. ஒரே மலையில் நிற்கும் ஆயிரக்கணக்கான செடிகளுள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சில செடிகளிற் கொப்புளம் நிறைந்திருக்க, அவற்றின் அருகிலேயே சில செடிகள் அதிகம் பாதிப்பின்றி நின்றன. தென் கரோலினாவின் பருத்தி வயலில் ஓர்ட்டன் கண்ட காட்சியே இது.

நற்செடியைக் கண்டால் அதனைப் பெருக்கும் வழியும் ஆயத்தமாக இருந்தது. 1930களிற் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் டப்ஸ் என்பார் வெட்டுத்துண்டங்களிலிருந்து தேயிலையைப் பெருக்கும் முறையை ஆராய்ந்திருந்தார். ஓரிலையும் அதன் கணுவும் கொண்ட சிறு துண்டத்தை நிழலிட்ட நாற்றுமேடையில் ஊன்றினால் அது வேர்விட்டுத் தாய்ச்செடியைப்போன்றே வளரும். இவ்வாறு ஒரே செடியிலிருந்து பெருகிய கூட்டத்தைக் குளோன் என்பர். தோட்டத்தார் இதனை வீ.பி. தேயிலை என்று வழங்குவர். விளைச்சல், சுவை, வறட்சி தாங்கும் வலிமை, வேர்விடும் திறன், நோயெதிர்ப்பு ஆகிய அனைத்தையும் பல உயரங்களில் நட்டுப் பார்த்துத் தெரிய, இருபது ஆண்டுகள் செல்வதும் உண்டு.

இவ்வாறு எழுந்தவையே ரி.ஆர்.ஐ. 2000 வரிசைக் குளோன்கள். அவற்றுள் ரி.ஆர்.ஐ. 2025 விளைச்சலாலும் வறட்சி தாங்கும் வலிமையாலும் பெரும் பரப்பிற் பரவியது. ரி.ஆர்.ஐ. 2043 கொப்புள நோயை நன்கு எதிர்ப்பது, ரி.ஆர்.ஐ. 2023 எளிதிற் பற்றப்படுவது. இத்தகைய இரண்டையும் கலந்து, அவற்றின் சந்ததியில் எதிர்ப்பாற்றல் எவ்வாறு பிரிந்து இறங்குகின்றது என ஆராய முடியும். எதிர்ப்பாற்றலைச் செடியின் மரபுப்பொருளிலேயே அடையாளங்காண உதவும் குறியொன்றை இலங்கை ஆய்வாளர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். நாற்றுப் பருவத்திலேயே செடியை இனங்காண முடியுமாயின், இருபதாண்டுக் காத்திருப்பின் ஒரு பகுதியேனும் குறையும்.

1950களின் இறுதி முதல் அரசாங்க மானியத்துடன் பழைய மலைகள் பிடுங்கப்பட்டுக் குளோன் தேயிலை நடப்பட்டது. அக்காலத்தின் ஒரு முரண்பாட்டை வரலாற்று மாணவன் காணாது விடலாகாது. ஒவ்வொரு செடியின் தாயும் எதுவெனப் பதிவேட்டிற் கவனமாக எழுதப்பட்ட அந்நாட்களில், அச்செடியை நட்ட கைகளுக்குரியோரிற் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக இருந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்களிற் பலர் தாம் நட்ட மலைகளை விட்டுக் கப்பலேறினர். எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒருமையின் ஆபத்து

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். குளோன் தேயிலை விளைச்சலிற் சிறந்தது. அதனைக் குறைகூறுவோர் இலர். ஆயினும் அது நம்மை 1869ஆம் ஆண்டின் நிலைக்கு ஓரளவு திருப்பிக் கொண்டுசெல்கின்றது. ஒரு மலை முழுவதும் ஒரே குளோன் நிற்குமாயின், அம்மலையில் நிற்பது உண்மையில் ஒரே செடியே. ரி.ஆர்.ஐ. 2000 வரிசையிற் புகழ்பெற்ற குளோன்கள் பல ஏ.எஸ்.எம். 4/10 எனக் குறிக்கப்படும் ஒரே தாய்ச்செடியின் மக்கள் என்பதும் நோக்கத்தக்கது. துருப் பங்கசைப்பற்றி மேய்ன் கண்ட உண்மையை இங்கே நினைத்தல் வேண்டும்: பகைவன் தன் உருவை மாற்றவல்லவன். ஒரு செடியை வெல்லக் கற்றவனுக்கு, அச்செடியே நிற்கும் மலை முழுவதும் வழிவிடும்.

மருந்து உண்டே எனலாம். மருந்து பிறநாட்டிலிருந்து வருவது, விலை ஏறும், சட்டமும் குறுக்கிடும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் அத்தடை தளர்த்தப்பட்டமையை யாவரும் அறிவர். எதிர்ப்பாற்றலுடைய செடிக்கோ அனுமதிப் பத்திரமும் கப்பலும் வேண்டா. அது தன் மருந்தைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ஆயின் அடுத்த நோய் எது என்பதை எவரும் அறியார். அதனைத் தாங்கும் செடி எதுவென்பதையும் அது வருமுன் எவரும் சொல்லவியலாது. அச்செடி எங்கேனும் நிற்றல் வேண்டும் என்பது மட்டுமே உறுதி.

அது நிற்கக்கூடிய இடம் பழைய விதைத் தேயிலை மலைகளே. நூறாண்டு கடந்த அம்மலைகள் விளைச்சல் குன்றியவை, வெற்றிடம் மிகுந்தவை, கணக்கேட்டில் நட்டம் காட்டுபவை. அவை பிடுங்கப்படுகின்றன, அல்லது வேறு பயிருக்கு விடப்படுகின்றன, அல்லது காடாகின்றன. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தாய்ச்செடிச் சேகரங்களைப் பேணி வருகின்றதாயினும், அத்தனை மலைகளின் பன்மையையும் ஒரு சேகரம் கொள்ளாது. ஆதலின் ஒவ்வொரு பெருந்தோட்டமும் தன் மலைகளுள் ஒரு சிறு பகுதியையேனும் விதைத் தேயிலையாகவே விட்டுவைத்தலும், ஒரு மலையைப் பிடுங்குமுன் அங்கு நோயிலும் வறட்சியிலும் தளராது நின்ற செடிகளைக் குறித்து அவற்றிலிருந்து துண்டம் எடுத்துவைத்தலும் அறிவுடைமையாகும். அச்செடிகள் எவை என்பதை அறிய ஆய்வுகூடம் மட்டும் போதாது. எந்தச் செடியிற் கொப்புளம் குறைவு, எது கடுங்கோடையிலும் கொழுந்து தரும் என்பதை, வாரந்தோறும் அதே வரிசையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கண்ணாலும் கையாலும் அறிவர். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். மலைநாட்டுப் பாடசாலைகளில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் இப்பணியைத் தத்தம் தோட்டங்களிலேயே தொடங்கலாம். அதற்கு ஒரு குறிப்பேடும், தாயோடு ஒருநாள் மலைக்குச் செல்லும் மனமும் போதும்.